துப்பாக்கி ஓய்ந்த பிறகு சம்பளம் யார் கொடுப்பது?

வேலூர்க் கோட்டை என்றதும் 1806 ஜூலை 10-ன் சிப்பாய்க் கலகம் நினைவுக்கு வரும். அதற்கு முந்தைய அறுபது வருஷம் இந்தச் சீமை பட்ட பாட்டை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. 1740-ல் தாமல்செருவுக் கணவாயில் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கான் கொல்லப்பட்டார். 1749-ல் ஆம்பூரில் நவாப் அன்வருதீன் கான் விழுந்தார். 1751-ல் ஆற்காட்டு முற்றுகை, 1760-ல் வந்தவாசிப் போர். 1780-ல் ஹைதர் அலியின் படை செங்கம் கணவாய் வழியாக இறங்கியது. அடுத்த ஆண்டு சோளிங்கரில் சண்டை. பாட்டன் காலத்தில் தொடங்கியது பேரன் காலத்திலும் ஓயவில்லை. 1801-ல் கிழக்கிந்தியக் கம்பெனி நிர்வாகத்தைக் கையில் எடுத்தபோது வட ஆற்காடு இருந்த நிலைக்கு இன்றைய செய்திகளில் ஒரு பெயர் உண்டு: ‘நீண்ட போரிலிருந்து மீளும் பகுதி’.

லைபீரியா, சோமாலியா, மொசாம்பிக் பற்றிய செய்திகளிலும் இதே பெயர்தான் வருகிறது. கூடவே ‘நல்லாட்சி, பொருளாதாரம், பாதுகாப்பு’ என்ற மூன்று சொற்களும் வரும். அவற்றை மூன்று தனி இலாகாக்களாகப் படித்தால் எதுவும் புரியாது. வரி வர வேண்டுமென்றால் ரோட்டில் வண்டி பயமில்லாமல் ஓட வேண்டும். வண்டி ஓடக் காவல் வேண்டும். காவலுக்கு நிற்பவனுக்கு மாதச் சம்பளம் வேண்டும். சம்பளத்துக்கு வரிதான் வழி. இந்தச் சுற்றில் ஒரு கண்ணி அறுந்தால் மற்ற இரண்டும் சில மாதங்களில் படுத்துவிடும்.

இந்த மூன்றும் ஒன்றாகச் சந்திக்கும் காகிதம் ஒன்று இருக்கிறது. ஆயுதம் வைத்திருப்பவர்களின் சம்பளப் பட்டியல் அது. அதில் யார் பெயர் இருக்கிறது, பணம் எங்கிருந்து வருகிறது, யார் கை வழியாகப் போகிறது என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் அந்த நாட்டின் நிலைமை முக்கால்வாசி பிடிபட்டுவிடும். தேர்தல் தேதி, அரசியல் சாசன மாநாடு எல்லாம் அதற்கு அப்புறம்தான் என்பது என் கருத்து.

நவாபின் கணக்கு

சுற்று எப்படி அறுகிறது என்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம், ஆற்காட்டையே பார்க்கலாம். நவாப் முகமது அலி வாலாஜாவின் நாட்டைக் காத்தது கம்பெனியின் படை. அந்தச் செலவை அவர்தான் கொடுக்க வேண்டும். கையில் பணம் இல்லை. கம்பெனி உத்தியோகஸ்தர்களே தனிப்பட்ட முறையில் அவருக்கு அதிக வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். ஈடாக அவர் எழுதிக் கொடுத்தது இன்னின்ன சீமையின் நிலவரி வசூலை.

கடன்காரனுக்கு அடுத்த வருஷ விளைச்சலைப் பற்றி அக்கறை இல்லை. அவனுக்கு இந்த வருஷமே பணம் வேண்டும். வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்தவன் கதிர் முற்றும் முன்பே குடியானவன் வாசலில் வந்து நிற்பான். விதைநெல்லை விற்றுக் கட்டியவர்கள் உண்டு, ஊரைவிட்டே போனவர்களும் உண்டு. ஆள் போனால் நிலம் தரிசு. நிலம் தரிசானால் அடுத்த கிஸ்தி, அதாவது நிலவரித் தவணை, குறையும். குறைந்ததை நிரப்ப மறுபடி கடன். இதற்கு நடுவே சிப்பாயின் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் நிற்கும். 1784-ல் ஆரணியில் குதிரைப்படையினர் சம்பள பாக்கிக்காகவே கலகம் செய்தார்கள். மறு வருஷம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் இந்தக் கடன் விவகாரத்தைப் போட்டு உடைத்தார். முடிவில் 1801 உடன்படிக்கைப்படி நிர்வாகம் முழுக்கக் கம்பெனிக்குப் போனது. நவாபுக்கு மிஞ்சியது நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

இருநூறு வருஷம் கழித்து லைபீரியாவில் இதே கணக்கு வேறு உருவில் வந்தது. 2003-ல் போர் முடிந்தபோது அந்த நாட்டின் தலையில் பல நூறு கோடி டாலர் வெளிக்கடன். அரசின் ஒரு வருஷ பட்ஜெட்டோ ஏறத்தாழ 8 கோடி டாலர்தான். அந்தச் சின்னத் தொகையும் துறைமுகம், விமான நிலையம், பெட்ரோலிய நிறுவனம், காட்டு மர உரிமம் என்று ஒவ்வொரு வாசலிலும் கசிந்தது. 2005-ல் ஓர் ஏற்பாடு வந்தது. மத்திய வங்கியிலும் இந்த முக்கிய நிறுவனங்களிலும் வெளிநாட்டுக் கணக்கு நிபுணர் ஒருவர் கூடவே உட்காருவார். அவரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் வெளியே போகும். சுயமரியாதை உள்ள எந்த நாட்டுக்கும் இது கசக்கும். அங்கேயும் கசந்தது. ஆனால் வருமானம் ஏறியது. கடனும் 2010-ல் பெரும்பகுதி தள்ளுபடியானது. கையெழுத்துப் போட வந்தவர்கள் குறிப்பிட்ட காலத்தில் கிளம்பியும் போனார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1801-ல் ஆற்காட்டுக்கு வந்தவர்கள் அப்படிக் கிளம்பவில்லை.

ஆயுதத்தை வாங்குவது சுலபம், ஆளை வீட்டுக்கு அனுப்புவதுதான் வேலை

வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்வார்கள். பட்டாளத்திலிருந்து ரிட்டயராகி வருபவரிடம் அங்கே டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கும், பென்ஷன் கணக்கு இருக்கும், கேண்டீன் கார்டு இருக்கும், ஊரில் மரியாதையும் இருக்கும். உள்நாட்டுப் போர் நடக்கும் நாட்டில், பதினான்கு வயதில் ஓர் ஆயுதக் குழுவால் காட்டுக்குள் இழுத்துப் போகப்பட்டு இருபத்தெட்டில் வெளியே வரும் ஒருவனிடம் இதில் ஒன்றுகூட இல்லை. அவன் கையில் இருக்கும் ஒரே சொத்து துப்பாக்கி. அதை வாங்கிக்கொண்டு பதிலுக்கு என்ன தருகிறோம் என்பதுதான் ஆயுதக் களைவு, படைக்கலைப்பு, மறுவாழ்வு என்ற மூன்று கட்டத் திட்டம்.

நடைமுறை ஏறக்குறைய எங்கும் ஒரே மாதிரிதான். முதலில் முகாம். தளபதி தன் ஆட்களின் பட்டியலைக் கொடுப்பார். அவர்கள் குறிப்பிட்ட முகாமுக்கு வந்து சேர வேண்டும். வாசலில் ஆயுதத்தைப் பரிசோதித்து, வரிசை எண்ணைக் குறித்து, தோட்டாவைத் தனியாக எடுத்து வைப்பார்கள். உள்ளே பெயர், ஊர், வயது, கைரேகை, புகைப்படம், அட்டை. பிறகு மருத்துவப் பரிசோதனை. பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களை அன்றைக்கே பிரித்து வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டும். சில நாள் வகுப்பு, அப்புறம் ஊருக்குப் போகும் வண்டி, முதல் தவணைப் பணம். கடைசியில் தொழில் பயிற்சி அல்லது பள்ளிப்படிப்பு.

எங்கே கெடுகிறது? பெரும்பாலும் வாசலிலேயே. லைபீரியாவில் 38,000 பேர் வருவார்கள் என்று ஐ.நா. கணக்குப் போட்டது. 2003 டிசம்பரில் முதல் முகாம் திறந்ததும் ஏற்பாட்டுக்குப் பல மடங்கு மேல் கூட்டம். பணம் எங்கே என்று தலைநகர் மன்ரோவியாவின் தெருவில் கலவரம். திட்டத்தை நிறுத்திவிட்டு அடுத்த ஏப்ரலில்தான் மறுபடி தொடங்கினார்கள். முடிந்தபோது பதிவானவர்கள் ஒரு லட்சத்து மூவாயிரம் பேர். வந்த ஆயுதம் சுமார் 28,000. கிட்டத்தட்ட நாலு பேருக்கு ஒரு துப்பாக்கி. காரணம், தகுதி விதி. துப்பாக்கி இல்லாவிட்டாலும் 150 தோட்டா கொண்டுவந்தால் போதும் என்று விதி வைத்தார்கள். கையிருப்புத் தோட்டாவைத் தளபதிகள் பங்கு போட்டு, சொந்தக்காரர்களையும் வேண்டப்பட்டவர்களையும் பட்டியலில் ஏற்றினார்கள். ஆளுக்கு 300 டாலர், இரண்டு தவணை. அதில் தளபதிக்கு ஒரு பங்கு போனது. இன்னொரு கூத்தும் நடந்தது. பக்கத்து நாடான ஐவரி கோஸ்ட்டில் இதைப்போல் மூன்று மடங்கு தொகை அறிவித்திருந்தார்கள். எல்லை தாண்டினால் லாபம் என்று துப்பாக்கிகள் அந்தப் பக்கம் நடந்தன.

அதற்காக விதியை இறுக்கி ‘ஆளுக்கு ஒரு துப்பாக்கி கட்டாயம்’ என்றால் வேறு விதமாகக் கெடும். சமைத்த பெண்கள், சுமை தூக்கிய பையன்கள், ஒற்றர்களாக ஓடியவர்கள் எல்லாரும் பட்டியலுக்கு வெளியே விழுவார்கள். சியரா லியோனில் பெண்களுக்கு நேர்ந்தது இதுதான். இரண்டில் எந்தப் பிழை பரவாயில்லை என்று கேட்டால், போலி ஆட்கள் சிலர் உள்ளே வருவதைச் சகித்துக்கொள்ளலாம் என்பேன். வெளியே தள்ளப்பட்டவருக்குத் திரும்பிப் போக வேறு வாசல் கிடையாது.

மொசாம்பிக் கொஞ்சம் தேவலை. 1992 அக்டோபரில் அரசுக்கும் கிளர்ச்சிப் படைக்கும் ரோமில் ஒப்பந்தம், 49 முகாம்கள், இரு தரப்பிலும் சேர்த்து சுமார் 90,000 பேர் கலைக்கப்பட்டார்கள். அங்கேயும் முகாமில் மாதக்கணக்கில் உட்காரவைத்ததால் 1994-ல் வரிசையாகக் கலகம் வெடித்தது. சாப்பாடும் தேதியும் தவறினால் எந்த முகாமும் வெடிக்கும். ஆனால் பணம் கொடுத்த விதத்தில் ஒரு நுட்பம் இருந்தது. மொத்தமாகக் கையில் திணிக்காமல் இரண்டு வருஷத்துக்குத் தவணையாகக் கொடுத்தார்கள். அதுவும் அவரவர் போய்க் குடியேறிய மாவட்டத்து வங்கிக் கிளையில் மட்டும். பணம் வேண்டுமென்றால் ஊருக்குப் போய்த்தான் ஆக வேண்டும். பழைய தளபதியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் எதுவும் வராது. அப்படியே கூட்டம் கலைந்து போனது. புதைத்து வைத்த ஆயுதங்கள் மட்டும் நிறைய மிஞ்சின. அவற்றைப் பின்னால் கிறிஸ்தவத் திருச்சபைகள் மண்வெட்டி, சைக்கிள், தையல் மெஷின் கொடுத்து வாங்கிக்கொண்டன.

தொழில் பயிற்சி பற்றி ஒரு வரி. ஐந்தாயிரம் பேர் உள்ள ஊரில் அறுபது தையல்காரர்களை உருவாக்கினால் அறுபது பேரும் பட்டினிதான். முதலில் சந்தையில் என்ன விலை போகிறது என்று பார்த்துவிட்டுப் பயிற்சியை முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் இது தலைகீழாகத்தான் நடக்கிறது.

பேர் இருக்கும், ஆள் இருக்காது

கலைத்தவர்கள் போக மீதிப் பேர் புதிய ராணுவத்திலும் போலீஸிலும் சேருவார்கள். இங்கேதான் சம்பளப் பட்டியல் நேரடியாக வருகிறது. மஸ்டர் ரோலில், அதாவது வேலையாட்களின் வருகைப் பட்டியலில், போலிப் பெயர் ஏறுவது நமக்குப் புதிதில்லை. ராணுவத்தில் அதே காரியம் நடந்தால் ஆபத்து இரட்டை: பணமும் போகும், காவலுக்கு ஆளும் இருக்காது.

வழக்கமான முறையில் பணம் தலைநகரிலிருந்து படைத்தலைவரிடம் மூட்டையாகப் போகும்; அவர் கீழே பிரித்துக் கொடுப்பார். ஆப்கானிஸ்தானில் வர்தக் மாகாணத்துப் போலீஸ்காரர்கள் சிலருக்கு 2009-ல் சோதனையாகச் செல்போன் வழியே நேரடியாகச் சம்பளம் அனுப்பினார்கள். வந்த தொகையைப் பார்த்துவிட்டு சம்பள உயர்வு கிடைத்துவிட்டது என்று அவர்கள் சந்தோஷப்பட்டார்கள். உயர்வு எதுவும் இல்லை. அதுவரை ஏறத்தாழ 30 சதவீதம் நடுவிலேயே நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான். விஷயம் புரிந்த அதிகாரி ஒருவர் கீழே இருப்பவர்களின் போன்களை வாங்கிவைத்துக்கொண்டு தானே பணம் எடுக்கப் பார்த்தாராம்.

ஆகவே சரியான வரிசை இப்படி இருக்க வேண்டும். முதலில் நேரில் தலை எண்ணுவது. அறிவிப்பில்லாமல், எல்லாப் படைப்பிரிவிலும் ஒரே நாளில். இல்லாவிட்டால் அதே ஆட்கள் லாரியில் ஏறி அடுத்த முகாமுக்கு எண்ணப்படப் போவார்கள். பிறகு கைரேகையுடன் அட்டை. மூன்றாவதாக, உத்தரவு போடுகிறவரும் சம்பளம் தருகிறவரும் வெவ்வேறு ஆளாக இருக்க வேண்டும். காங்கோவில் 2005-க்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியக் குழு பாடுபட்டது இந்த ஒன்றுக்காகத்தான். நான்காவதாக, தேதி தவறாமை. குறைந்த சம்பளத்தை சிப்பாய் பொறுத்துக்கொள்வான். எப்போது வரும் என்று தெரியாத சம்பளத்தைப் பொறுக்க மாட்டான்.

ஒரு எச்சரிக்கை. இத்தனை வருஷம் பங்கு எடுத்த தளபதிக்கு ஒரே நாளில் வாசலை அடைத்தால் அவர் மறுபடி காட்டுக்குப் போவார். அவருக்குப் பதவியோ ஓய்வூதியமோ கொடுத்துத்தான் நகர்த்த வேண்டியிருக்கும். அநியாயம்தான், ஆனால் வேறு வழி அதிகம் இல்லை.

சாவடி

சம்பளம் வராத சிப்பாய் ரோட்டில் கயிறு கட்டுவான். சோமாலியாவில் அரசுப் படைகள் பிடித்திருந்த பாதைகளில் பல சாவடிகள் இப்படி முளைத்தவை. வேடிக்கை என்னவென்றால், எதிர்த்தரப்பான அல்-ஷபாப் தன் சாவடியில் ஒருமுறை வாங்கிக்கொண்டு ரசீது கொடுக்கும். அந்த ரசீதைக் காட்டினால் அடுத்த சாவடியில் மறுபடி கேட்பதில்லை. லாரிக்காரருக்கு எந்தப் பாதை வசதி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இப்படியாக ஒரு கிளர்ச்சிக் குழு அரசைவிட ஒழுங்கான வரி இலாகா நடத்தத் தொடங்கிவிடும்.

போர் முடிந்த அரசு முதலில் சுங்கத்தைப் பிடிப்பதற்கும் காரணம் உண்டு. வருமான வரிக்கு ஆவணங்கள் வேண்டும், நிலவரிக்கு அளவை வேண்டும். துறைமுகத்துக்கோ எல்லைச் சாவடிக்கோ ஒரே ஒரு வாசல். அங்கே ஆள் போட்டால் பணம் வரும். சோமாலியாவின் மொகதிஷு அரசு பிழைத்தது தலைநகரின் துறைமுகத்தால். அதே காரணத்தால்தான் உள்ளூர்த் தலைவர்களும் சுங்கத்தை விடமாட்டார்கள். ஆப்கானிஸ்தானின் ஹேரத்தில் ஆளுநர் இஸ்மாயில் கான் ஈரான் எல்லைச் சுங்கப் பணத்தைக் காபூலுக்கு முழுசாக அனுப்பாமலே காலம் தள்ளினார். 2004 செப்டம்பரில் அவரைப் பதவியிலிருந்து எடுத்துத்தான் அதைச் சரிசெய்ய முடிந்தது.

நம் பக்கத்துப் பாளையக்காரர்களும் ஒருவகையில் சாவடிக்காரர்களே. ஊரிடம் காவல் பணம் வாங்குவார்கள். திருட்டுப் போனால் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லையென்றால் ஈடு கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. பலர் காவல் பணத்தை மட்டும் வாங்கினார்கள் என்பதும் உண்மை. 1801-க்குப் பிறகு கம்பெனி அந்த உரிமையைப் பறித்தது. சித்தூர்ப் பக்கத்துப் பாளையங்கள் 1804-ல் கிளர்ந்தன. அன்று சித்தூரும் வட ஆற்காட்டில்தான் இருந்தது, 1911-ல்தான் பிரிந்தது. பாளையக் காவலுக்குப் பதில் தாரோகா என்ற சம்பள அதிகாரியை வைத்தார்கள். அவருக்கு ஊர் தெரியாது, ஊருக்கு அவரைத் தெரியாது. காவல் வேலை போனவர்களில் பலர் கொள்ளைக்குப் போனார்கள். கடைசியில் 1816-ல் தாமஸ் மன்றோவின் சீர்திருத்தம் காவலை மறுபடி ஊர்த் தலையாரி, மணியக்காரர், தாசில்தார் கைக்கே கொண்டுவந்தது. பழைய காவலைக் கலைக்கும் முன் அந்த ஆட்களுக்கு என்ன வேலை என்று யோசிக்காததன் விலை பதினைந்து வருஷம்.

நேற்றைய எதிரியுடன் ஒரே பாரக்கில்

அதே தவற்றை ஈராக்கில் ஒரே கையெழுத்தில் செய்தார்கள். 2003 மே 23-ல் அமெரிக்க நிர்வாகம் ஈராக் ராணுவத்தைக் கலைத்தது. ஏறத்தாழ நாலு லட்சம் பேர் ஒரே நாளில் சம்பளம் இழந்தார்கள்; துப்பாக்கி அவர்கள் வீட்டிலேயே இருந்தது. உதவித்தொகை அறிவிப்பு வர ஒரு மாதம் ஆனது. அதற்குள் பலருக்கு வேறு முதலாளி கிடைத்துவிட்டான்.

கலைக்காமல் கலந்து வைப்பது இன்னொரு வழி. புருண்டியின் 2000-ம் ஆண்டு அருஷா ஒப்பந்தம், ராணுவத்தில் எந்த இனத்தாரும் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. விகிதம் எழுதுவது எளிது. ஒரே சமையல்கட்டில் சாப்பிட வைப்பது கடினம். யார் மேலே போகலாம், யாருடைய வழக்கத்தை மதிக்கிறோம் என்பதில்தான் சிக்கல் வரும்.

வேலூர் 1806-ஐ இந்தக் கண்ணால் பார்த்தால் கொஞ்சம் வேறாகத் தெரியும். கோட்டைக்குள் சுமார் 1,500 இந்தியச் சிப்பாய்கள், 370 போல் ஐரோப்பியர்கள். அதே கோட்டையில் திப்புவின் பிள்ளைகள். அவர்களைச் சார்ந்து ஆயிரக்கணக்கான மைசூர்க்காரர்கள் பேட்டையில். சிப்பாய் எவ்வளவு வீரம் காட்டினாலும் சுபேதாருக்கு மேல் போக முடியாது. இந்த நிலையில்தான் நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, தோல் பட்டை வைத்த புதுத் தொப்பி போடு என்று உத்தரவு வந்தது. முதலில் மறுத்தவர்களுக்குக் கசையடி. தொப்பி மட்டும்தான் காரணம் என்பது பாதிக் கதை. பாரக்கில் எழும் புகாரை மேலே கொண்டுபோக வழியே இல்லாத ஒரு படை அது. இன்று பாதுகாப்புத் துறைச் சீர்திருத்தம் என்ற பெயரில் புகார்ப் பெட்டி, மனித உரிமை அலுவலர், நாடாளுமன்றக் குழு என்று அடுக்குவதெல்லாம் அந்த வழியைத் திறந்து வைக்கத்தான்.

பத்திரம்

கடைசியாக நிலம். போரில் ஓடியவர் திரும்பி வந்தால் அவர் வீட்டில் வேறொருவர் இருப்பார்; அவரும் வேறெங்கிருந்தோ விரட்டப்பட்டவராக இருக்கலாம். துப்பாக்கி ஓய்ந்து பத்து வருஷம் கழித்தும் கோர்ட்டில் இழுபறியாக நிற்கும் வழக்குகள் பெரும்பாலும் இவைதான்.

இலங்கைச் சட்டப்படி ஒருவர் நிலத்தில் இன்னொருவர் பத்து வருஷம் தடையில்லாமல் அனுபவத்தில் இருந்தால் உரிமை கோரலாம். முப்பது வருஷம் அகதியாக இருந்தவருக்கு இது நேரடி அடி. அதனால் 2016-ல் ஒரு தனிச்சட்டம் வந்தது: போரால் நிலத்துக்குப் போக முடியாதவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இலங்கைத் தமிழ் அகதிகள் வாழும் வேலூர் மேல்மொணவூர் மறுவாழ்வு முகாம் போன்ற இடங்களில் திரும்பிப் போவதா வேண்டாமா என்று யோசிக்கும் குடும்பங்களுக்கு ஆக வேண்டிய வேலை காகிதத்தில்தான் தொடங்குகிறது. இங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து குடியுரிமை வாங்க வேண்டும். அதற்குத் தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழும் பெற்றோரின் இலங்கைப் பிறப்புப் பதிவும் வேண்டும். இரண்டிலும் பெயரின் எழுத்து ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். அப்புறம் இலங்கையில் அவர்களுடைய ஊரின் கிராம சேவகரிடம் காட்ட நிலத்தின் உறுதிப்பத்திரமோ, அரசு கொடுத்த பழைய நில பெர்மிட்டின் நகலோ வேண்டும். அதுவும் இல்லையென்றால் தங்கள் நிலத்தை ஒட்டிய பக்கத்து நிலத்துக்காரரின் பெயராவது தெரிந்திருக்க வேண்டும். இவற்றைத் தேடும்போது வீட்டில் மூத்தவர்கள் உயிரோடு இருப்பது பெரிய உதவி.